தண்ணீரைக் குறைக்க மறுத்தவள்

குழந்தைக்குப் போடும் கம்பளிக் குல்லா ஒன்றுக்குள் அந்த ஹார்ட் டிஸ்க்கை வைத்து, அக்கா மடியில் ஏந்தியிருந்தாள். கண்டியிலிருந்து கொழும்புக்கு இறங்கும் பஸ். கடுகண்ணாவை வளைவுகளில் அது சாயும்போதெல்லாம் எல்லோருடைய கைகளும் முன்னிருக்கைக் கம்பியைத் தேடின. அவளுடைய கை மட்டும் குல்லாவைத் தேடியது. உள்ளே இருந்தது தண்ணீர். நாற்பது விநாடித் தண்ணீர். நாங்கள் தொடங்கியது, முடிக்க முடியாமல் நின்றது. எங்களிடம் இருந்த கணினிகள் அதைத் தூக்கிப் பார்த்து, மூச்சிரைத்து, கீழே போட்டுவிட்டிருந்தன. அதைத் தூக்கக்கூடிய கணினிகளைத் தேர்ந்தெடுக்கத்தான் இருவரும் போய்க்கொண்டிருந்தோம். "கடைக்காரன் காட்டுற படத்தப் பாக்க நான் வரல்ல. நம்ம தண்ணி அதுல ஓடுதான்னு பாக்கத்தான் வர்றேன்" என்றாள் அக்கா. பஸ்ஸில் ஏறியதிலிருந்து மூன்றாவது தடவையாக.

அக்கா என்றால் உடன்பிறந்தவள் அல்ல. கட்டுகஸ்தோட்டையில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் அவள் நடத்திய சிறிய ஸ்டூடியோவில் நான் வேலை செய்தேன். இரண்டு அறை, ஒரு பெரிய ஜன்னல், ஜன்னலுக்கு அப்பால் மகாவலி ஆறு. திரைப்படங்களில் இருக்கக் கூடாதவற்றை அழிப்பது எங்கள் தொழில். பறக்கும் நாயகனைத் தாங்கும் கம்பி, அரசனுக்குப் பின்னால் நிற்கும் மின்கம்பம், போர்வீரன் கழற்ற மறந்த கைக்கடிகாரம். கொழும்பில் இதற்குத் துப்புரவு வேலை என்று பெயர். துடைத்தவர்களின் பெயரை யார் திரையில் ஓடவிடுவார்கள்? எங்கள் பெயர் எதிலும் ஓடவில்லை. அக்கா பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். தாய் கொழுந்து பறித்தவர். கணினியில் அவள் கைபழகியது கண்டி டவுனில் ஒரு கல்யாணப் போட்டோக் கடையில். அங்கே மணப்பெண்களின் முகத்தை வெளுப்பாக்குவதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. ஒரு நாள் ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்து, "இந்தப் புள்ள இப்பிடியே நல்லாத்தான் இருக்கு, நான் வெளுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள் அவள். மாட்டேன் என்ற சொல்லை அக்கா கோபமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்பதுபோலச் சொல்வாள்.

அந்தத் தண்ணீருக்கு வருகிறேன். ஒரு சிங்களப் படம். விக்டோரியா அணை கட்டப்பட்டபோது நீருக்கடியில் போன பழைய தெல்தெனிய நகரம் அதில் ஒரு காட்சி. கடைத்தெரு மூழ்க வேண்டும். அந்தக் காட்சி முழுவதையும் நாங்களே செய்கிறோம் என்று அக்கா படக் கம்பனியிடம் கேட்டாள். கேட்டாள் என்பது மரியாதைக்கு, பிடுங்கினாள் என்பதே சரி. அவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். நல்ல கணினிகளை வாங்கி, சொன்ன நாளுக்குள் காட்சியைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது வேறு இடத்துக்குப் போகும், நாங்கள் எங்கள் துடைப்பத்துக்குத் திரும்பலாம். அக்காவுக்கு அது அவளுடைய ஸ்டூடியோவின் உயிர். எனக்கு அது இன்னொன்று. மூழ்கப்போகும் அந்தக் கடைத்தெருவில் அப்பாவுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. சாமான்களை எல்லாம் ஏற்கெனவே ஏற்றிவிட்டிருந்தோம். கடைசியாக ஒரு கதவு நிலையைக் கழற்ற அப்பா போனார், நானும் கூடப் போனேன். தெரு உலர்ந்து கிடந்தது. வெயில். ஒரு நாய். தண்ணீர் எங்கோ தூரத்தில், வயலுக்கு அப்பால், தகடுபோல. நான் படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து அப்பா ஒரு சத்தமும் போடாமல் வெளியே வந்தார். அவருடைய பாதம் இரண்டும் நனைந்திருந்தன. தண்ணீர் வாசலால் வரவில்லை. கடையின் பின்பக்கத்துக் கழிவுநீர்க் கானிலிருந்து குமிழியிட்டு ஏறி, சீமெந்துத் தரையில் பரவி, எங்களுக்கு முன்பே கடைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. அலை இல்லை, இரைச்சல் இல்லை, யாரும் ஓடவில்லை. ஒரு நகரத்தை அது நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நாங்கள் பார்க்காத பக்கத்தால் எடுத்துக்கொண்டது. படத்தின் கதையிலோ மலை உயர அலை ஒன்று எழுதியிருந்தது. நான் அக்காவிடம் இதைச் சொன்ன மத்தியானம் அவள் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டாள். பிறகு, "அப்ப அலைய விடு. கானத்தான் செய்யணும்" என்றாள்.

செய்வது எளிதல்ல. அலை என்றால் நுரை எல்லாவற்றையும் மூடிவிடும், ஐந்து விநாடியில் முடிந்துவிடும். மெதுவாக ஏறும் தண்ணீர் எதையும் மூடித் தராது. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் அது எப்படி நாக்கை நீட்டுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். முழுக் கடைத்தெருவையும், எல்லாக் கான்களையும், துளி துளியாக ஒரே நேரத்தில் கணினி தன் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கணமும் முந்திய கணத்திலிருந்து கணக்கிடப்படும். நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. அப்பாவிடம் கடைத்தெருவைப் பற்றிக் கேட்கப் போனபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதத் தண்ணி குடிச்சிட்டுப் போயிருச்சு. இப்ப எதுக்கு அந்தக் கத?" இரண்டு நாள் கழித்து, பத்திரிகையை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "நம்ம கடைக்குத் தெருவுலருந்து அஞ்சு படி எறங்கணும். மூணாவது படியில மூல ஒடைஞ்சிருக்கும். போட்டா அதயும் போடு, போடாட்டி ஒண்ணும் போடாத."

கொழும்புக் கடையில் எங்களை எதிர்கொண்டது யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன். கழுத்துப்பட்டி கட்டியிருந்தான். படக் கம்பனி ஒரு பட்டியல் தந்திருந்தது, அதில் முதலாவதாக இருந்த கணினி அவனுக்குப் பக்கத்தில் நின்றது. கண்ணாடிப் பக்கங்கள், உள்ளே நிறம் மாறும் விளக்குகள், வெசாக் விளக்குக்கூடு ஒன்றைப் பெட்டிக்குள் அடைத்ததுபோல. "இதைவிட வேகமான பெட்டி இலங்கையிலயே இல்லை அக்கா, பாருங்கோ" என்று ஒரு கார் வெடித்துச் சிதறும் காட்சியைப் போட்டுக் காட்டினான். அழகாகத்தான் வெடித்தது. அக்கா குல்லாவிலிருந்து டிஸ்க்கை எடுத்தாள். "தம்பி, இத ஓட்டுங்க." ஓட்டினான். முதல் பத்து நிமிடம் எங்கள் தண்ணீர் அந்த இயந்திரத்தில் பறந்தது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான், நானும் சிரித்துவிட்டேன். பிறகு திரை உறைந்தது. இன்னொரு தடவை ஓட்டினான், அதே இடத்தில் உறைந்தது.

"மெமரி காணேல்லை அக்கா. உங்கட சீன் சரியான பெருசு. தண்ணியை அரைவாசியாக் குறையுங்கோ, ஆருக்கும் விளங்காது. கண்டியில செய்யிற வேலைக்கு இந்தப் பெட்டி காணும்தானே."

கண்டியில செய்யிற வேலை. அவன் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதுதான் உறைத்தது. அக்கா டிஸ்க்கைத் திரும்பவும் குல்லாவுக்குள் போட்டாள். "ஒங்க ஊர்ல கெணறு இருக்கா தம்பி?"

"ஓம், வீட்டிலயே இருக்கு."

"கெணத்துக்கு ஏத்த மாதிரி கயிறு வாங்குவீங்களா, கயிறுக்கு ஏத்த மாதிரி கெணத்தத் தூத்துருவீங்களா?"

பையன் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு சிரித்தான். "அக்கா, நீங்கள் பொல்லாத வாய்க்காரி." வாசல்வரை வந்து வழியனுப்பினான் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் இன்னும் மூன்று கடை ஏறினோம். மூன்றிலும் விளக்கு எரிந்தது, மூன்றிலும் தண்ணீரைக் குறைக்கச் சொன்னார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் சோர்ந்துபோய், குறைத்தால்தான் என்ன, பாதித் தண்ணீரும் தண்ணீர்தானே என்றேன். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடி தன் தாயைப் பற்றிச் சொன்னாள். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது, இலை ஈரம் என்று ஒரு கழிவு, சாக்குப் பாரம் என்று ஒரு கழிவு. அவள் தாய் மட்டும் தராசு முள்ளுக்கு நேரே வந்து நின்றுகொள்வாராம். முள் நின்ற இடத்தைத் தன் கண்ணால் பார்க்காமல் சாக்கை விடமாட்டாராம். 'தள்ளி நில்லு' என்று கணக்கப்பிள்ளை கத்துவாராம், தாய் தள்ளமாட்டாராம். "தண்ணிக்குன்னு கழிச்சுக் கழிச்சே எங்கள வளத்தானுங்க. நானும் தண்ணியக் கழிக்கணுமா? போடி."

கடைசியில் கணினி கிடைத்தது கொழும்பில் இல்லை, மாத்தளை ரோட்டில் ஒன்பது பத்துக் கிலோமீட்டர் தூரத்தில். அக்குறணையில் ஒரு முஸ்லிம் நானா, சிங்கப்பூரில் பெரிய பெரிய கட்டடம் வரையும் அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளைக் கப்பலில் இறக்கி விற்றுக்கொண்டிருந்தார். சாம்பல் நிறப் பெட்டிகள். விளக்குக் கிடையாது, கண்ணாடி கிடையாது, தூக்கினால் இடுப்புப் பிடிக்கும். ஆனால் ஒவ்வொன்றிலும் கொழும்புப் பெட்டியைப்போல நான்கு மடங்கு நினைவகம், அதிலும் தன் பிழையைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும் வகை. "அழகில்ல தங்கச்சி, சத்தமும் ஈக்கி. வேகமும் கொஞ்சம் கொறவுதான், பொய் சொல்ல மாட்டன். ஆனா பாரம் தூக்கும்" என்றார் நானா. அக்கா டிஸ்க்கை நீட்டியதும் அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "ஓட்டிப் பாருங்க. நான் லுஹர் தொழுதுட்டு வாரன்" என்று கடையை எங்களிடம் விட்டுவிட்டுத் தெருவைக் கடந்து பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். அவர் தொழுதார், சாப்பிட்டார், திரும்பி வந்தார், தினசரியை விரித்தார். எங்கள் தண்ணீர் ஆமைபோல ஊர்ந்துகொண்டே இருந்தது, நிற்கவில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்து அக்கா, "ரெண்டு குடுங்க நானா" என்றாள். பட்டியலில் இல்லாததை, அதிலும் பழையதை வாங்கினீர்களா என்று கம்பனிக்காரர் போனில் குதித்தபோது, "ஒங்களுக்கு வேண்டியது பெட்டியா, தண்ணியா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

இனி வருவது எங்கள் மடத்தனம். கண்டியில் கொஞ்சம் வசதியான எந்த வீட்டிலும் முன்னறையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கும். நல்ல பீங்கான் கோப்பைகள் அதற்குள் இருக்கும். சாவி வீட்டுக்காரியின் இடுப்பில் இருக்கும். விருந்தாளி வந்தால்தவிர கோப்பை வெளியே வராது, சில கோப்பைகள் வாழ்நாள் முழுவதும் வெளியே வருவதில்லை. நல்லதைப் பூட்டிவை என்பது எங்கள் இரத்தத்தில் ஊறியது. அக்காவும் ஸ்டூடியோ முன்னறையில் அப்படி ஓர் அலுமாரி வைத்திருந்தாள். கணினிகளில் தெருத்தூசி படக் கூடாது என்று கோப்பைகளை அட்டைப்பெட்டிக்கு மாற்றி, அந்த இடத்தில் இரண்டு கணினிகளையும் ஏற்றினாள். வயருக்காக முதுகில் துளை போட்டோம். சந்தனப்பொட்டு அவள் வைத்தாள். பின்னல் துணி விரித்தது நான், அதுவும் சரியாக அவற்றின் மூச்சுத் துவாரங்களின் மேல். கதவைச் சாத்திப் பூட்டினோம். தண்ணீர் ஏறத் தொடங்கியது. மத்தியானம் நின்றது. மறுபடி தொடங்கினோம், மறுநாள் மத்தியானமும் நின்றது. மூன்றாம் நாளும். காட்டவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, எங்கள் தண்ணீரோ இரண்டாவது படியைத் தாண்டவில்லை. அக்கா போனை எடுத்து நானாவை ஏறி மிதித்தாள். "கழிச்ச சாமானத் தலையில கட்டிட்டீங்கல்ல? பொம்பளைங்கதானேன்னு நெனச்சீங்களா?" அந்தப் பக்கத்திலிருந்து நானா, "ஜும்ஆ தொழுக முடிஞ்சி வாரன் தங்கச்சி" என்றார்.

வந்தார். திருத்தும் ஆயுதம் எதுவும் கொண்டுவரவில்லை. அலுமாரியின் முன்னால் நின்று உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தார், சுட்டதுபோல எடுத்தார். எங்களைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், பின்னல் துணியைப் பார்த்தார். சிரிப்பு அவருக்கு வயிற்றிலிருந்து வந்தது. "இதென்ன, மாப்புள வீட்டுக் கோப்பையா? பூட்டு வேற! மூச்சு விடுற சாமான் இது, இப்பிடி அடச்சா மூச்சு முட்டாதா? நான் வித்தது நல்ல சாமான்தான் தங்கச்சி, நீங்க கப்ருக் குழியில வச்சீக்கிறீங்க."

அக்காவின் முகம் போன போக்கை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. மன்னிப்புக் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவளுக்கு அந்தச் சொல் வராது. அட்டைப்பெட்டியைத் திறந்தாள். பொன் கரையிட்ட கோப்பை ஒன்றை எடுத்து, கழுவி, பால் தேத்தண்ணி ஊற்றி, இரண்டு கையாலும் நானாவிடம் நீட்டினாள். அவர் குடித்து முடிக்கும்வரை எதிரில் நின்றாள். பிறகு மூவருமாக அலுமாரிக் கதவுகளைக் கழற்றி எறிந்தோம், கணினிகளை ஆற்றங்காற்று வரும் ஜன்னலோரம் நகர்த்தினோம். தூசி படட்டும். படட்டுமே!

ஆனால் இழந்த நாட்கள் இழந்தவைதான். கம்பனிக்காரர் அழைத்தார். சிறியதாக, மங்கலாக, பாதித் தண்ணீரோடு எதையாவது அனுப்புங்கள், நாள் கடந்தால் காட்சி கைமாறும். அக்கா மாட்டேன் என்றாள், அதே சீனி வேண்டாம் குரலில். "முழுசா ஏறினதுக்கு அப்புறம் வந்து பாருங்க. அதுக்கு முன்ன ஒரு சொட்டும் தரமாட்டேன்." ஐந்து பகலும் இரவும் அந்தச் சாம்பல் பெட்டிகள் இரைந்தன. மூன்றாவது படி. உடைந்த மூலையில் தண்ணீர் ஒரு கணம் தயங்கி, சுழித்து, ஏறியது. ஆறாம் நாள், காட்சியைக் கைமாற்றுமுன் ஒரு தடவை பார்க்க, இயக்குநரே வந்தார். கம்பனிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பின்னால் நின்றார். நாற்பது விநாடி ஓடியது. அலை எங்கே என்று இயக்குநர் சிங்களத்தில் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். துப்புரவு வேலைக்காரியான நான், அதுவரை எந்த இயக்குநரோடும் பேசியிராத நான், அலை வரவில்லை சார், அன்றைக்கு நான் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தேன் என்றேன். கடைசியில் ஒரேயொரு சின்ன அலையாவது வைக்கலாமே என்றார் கம்பனிக்காரர். இல்லை என்றேன். என் குரல் அக்காவின் குரல்போல எனக்கே கேட்டது. அவர்கள் படியிறங்கிப் போனார்கள். எட்டு நாள் ஒரு செய்தியும் இல்லை. அக்கா மறுபடி ஒரு நாயகனின் கம்பியை அழித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் நாள் இயக்குநர் அழைத்து, கானிலிருந்து தண்ணீர் வந்தது உண்மையா என்று மட்டும் கேட்டார். உண்மை என்றேன். அப்படியே இருக்கட்டும் என்று வைத்துவிட்டார்.

இப்போது அந்த மேல்மாடியில் டியூஷன் வகுப்பு நடக்கிறது. நாடே நொடிந்து மணிக்கணக்காக மின்சாரம் இல்லாமல்போன அந்த வருடம் ஸ்டூடியோவைத் தின்றுவிட்டது. அக்கா மலேசியாவில் ஒரு பெரிய நிறுவனத்தில் தண்ணீரும் புகையும் செய்கிறாள். நான் எழுதுகிறேன், சில கூட்டங்களில் பேசுகிறேன். பேசி முடிந்ததும் ஸ்டூடியோ தொடங்கப்போகும் பிள்ளைகள் யாராவது போனில் ஒரு பட்டியலை நீட்டி, இதில் எது வாங்கலாம் மிஸ் என்று கேட்கிறார்கள். எண்கள், எண்கள். எனக்கு அந்த எண்கள் பாதி விளங்குவதில்லை இப்போது. நீங்கள் செய்யப்போவது எது, அதைக் கடைக்கு எடுத்துப் போனீர்களா என்று கேட்கிறேன். அங்கே குறைக்கச் சொன்னால் திரும்பி வாருங்கள் என்கிறேன். எரிச்சலோடு போகிறார்கள். போகட்டும்.

ஸ்டூடியோவை மூடுமுன், படம் கண்டிக்கு வந்தபோது அப்பா தியேட்டருக்கு வரமாட்டேன் என்றார், முழங்கால் வலி என்றார். அக்கா திரீவீல் ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "நீங்க வராட்டி நானும் போகல்ல, இங்கேயே ஒக்காந்துக்குவேன்" என்று எங்கள் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். வந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார், தூங்குவதுபோல இருந்தார். காட்சி வந்தது. வெயில், உலர்ந்த தெரு, ஒரு நாய். இசைகூட இல்லை. கறுத்த தண்ணீர் கானின் வாயில் குமிழியிட்டு, சீமெந்துத் தரையில் சத்தமில்லாமல் பரவி, பார்ப்பவர்களை நோக்கி வந்தது. அப்பா கால்களைத் தூக்கினார். யோசித்துச் செய்ததல்ல, பாதம் இரண்டும் தாமாக எழுந்து இருக்கையின்மேல் ஏறிக்கொண்டன. அடுத்த கணம் அவருக்கே அது தெரிந்து, யாராவது பார்த்தார்களா என்று பக்கவாட்டில் பார்த்தார். அக்கா பார்த்திருந்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் செருப்பைக் கழற்றினாள், தன் கால்கள் இரண்டையும் தூக்கி இருக்கையில் மடக்கிக்கொண்டாள். பின்வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். இருக்கையில் காலை வைக்காதே என்று சிங்களத்தில் ஒரு குரல் அதட்டியது. படம் முடிந்து விளக்குப் போடும்வரை அவள் காலை இறக்கவில்லை.